மலைக்குள் ஒரு காத்திருப்பு – 9: வராத கற்றை

சென்ற வாரம் சிங்காராவில் நிறுத்தினோம். முதுமலையை ஒட்டிய காடு. பைகாரா நீர்மின் திட்டத்துக்காக ஏற்கெனவே குடைந்த சுரங்கங்கள். நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு இதைவிடத் தோதான மலை கிடைக்காது என்று விஞ்ஞானிகள் நம்பியிருந்த இடம். 2009 நவம்பரில் டெல்லியிலிருந்து பதில் வந்தது. யானைகள் போகும் வழி அது, அங்கே வேண்டாம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ச் செப்பேடுகள் நினைவுக்கு வரும். சின்னமனூர்ச் செப்பேடுகளைத் தமிழக வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் பாண்டியர்கள் பெருமையோடு பொறித்துவைத்த ஏடுகள். அந்தக் காலத்துச் செப்பேடுகளில் ஒரு வழக்கம் உண்டு. தானமாகக் கொடுத்த நிலத்துக்கு எல்லை காட்டப் பெண்யானை ஒன்றை நடக்க விடுவார்கள். பிடி சூழ்ந்த நிலம் என்று எழுதுவார்கள். யானை நடந்த தடம்தான் எல்லை. ஆயிரம் ஆண்டு கழித்துச் சிங்காராவிலும் எல்லையை வரைந்தது யானைதான்.

ஆனால் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், அணுசக்தி ஆணையத் தலைவர் அனில் ககோட்கருக்கு எழுதிய அந்தக் கடிதம் மறுப்போடு முடியவில்லை. வேறோர் இடத்தையும் சொன்னது. தேனி மாவட்டம், சுருளியாறு.

எங்கள் பள்ளத்தாக்கு இந்தக் கதைக்குள் நுழைந்தது அப்படித்தான்.

*

சுருளி என்றால் எங்களுக்கு அருவி. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்துத் தலைமுழுகும் இடம். அங்கே மலையைக் குடைவது என்றால் அடர்காட்டுக்குள் பாதை போட வேண்டும், மரங்களை வெட்ட வேண்டும். மேகமலைக் காடு பக்கத்திலேயே இருக்கிறது. சிங்காராவில் யானை சொன்ன பதிலைச் சுருளியில் வேறு விலங்கு சொல்லியிருக்கும். எனவே தேடல் வடக்கே நகர்ந்தது. போடி மேற்கு மலையின் கிழக்குச் சரிவில், பொட்டிப்புரம் ஊராட்சியில் வந்து நின்றது.

சின்னமனூரிலிருந்து வடமேற்கே போனால், வாழையும் நெல்லும் திராட்சைப் பந்தலும் மெல்ல மறைந்து, மானாவாரிக் காடும் ஆடு மேயும் கரடும் தொடங்கும் இடம். நாங்கள் அம்பரப்பர் மலை என்று சொல்வது. உச்சி 1,589 மீட்டர். கிழக்குப் பக்கம் மழை குறைவு, முள்ளும் புதரும்தான் மிகுதி. உள்ளே சார்னோகைட் என்ற கருங்கல். வெடிப்பும் விரிசலும் குறைந்த, கெட்டியான பாறை. அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் கிடைமட்டமாகக் குடைந்தால் தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான கல் கிடைக்கும். வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்த் துகள்களை வடிகட்ட அவ்வளவு கல் வேண்டும். நியூட்ரினோ ஒன்றுதான் அதையும் தாண்டி வரும். 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் நம்மவர்கள் கண்டதும் இதைத்தான். நான்காம் அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம்.

2010 அக்டோபரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. தமிழக அரசு 26.825 ஹெக்டேர் நிலம் ஒதுக்கியது. மலைக்குள் 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரத்தில் ஒரு குகை. அதற்குள் 50,000 டன் இரும்பு. 5.6 சென்டிமீட்டர் கனமுள்ள பலகைகளை அடுக்கடுக்காக வைத்து, இடையிடையே கண்ணாடியால் ஆன உணர்பெட்டிகளைச் செருகி, மொத்த இரும்பையும் காந்தமாக்குவது திட்டம். பெட்டிகள் மட்டும் 30,000க்குச் சற்றுக் குறைவு.

காந்தம் எதற்கு? இந்த அத்தியாயத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

*

நியூட்ரினோவை யாரும் நேரே பார்க்க முடியாது. எப்போதாவது ஒன்று இரும்பில் மோதினால் மியூவான் என்ற துகள் பிறந்து, பலகைகளைத் துளைத்துக்கொண்டு ஓடும். காந்தத்துக்குள் ஓடும் மின்னூட்டத் துகள் வளையும். நேர்மின் ஒரு பக்கம், எதிர்மின் மறு பக்கம். வளைவைப் பார்த்தால் வந்தது நியூட்ரினோவா, அதன் எதிர்த்துகளா என்று சொல்லிவிடலாம். இவ்வளவு பெரிய காந்த இரும்பு உலகில் வேறெங்கும் கட்டப்படவில்லை. நியூட்ரினோவைப் பிடிக்க ஜப்பான் கட்டிய பெருந்தொட்டியில் தண்ணீர் உண்டு, காந்தம் இல்லை.

இந்தக் காந்தம் கடல்கடந்து சிலர் கண்ணில் பட்டது. அவர்கள் துகள் முடுக்கி கட்டுகிறவர்கள். இந்தியத் திட்டத்தின் இடைக்கால அறிக்கை 2005இல் வந்தபோது அவர்களுக்கான ஒரு பகுதி அதிலேயே இருந்தது. முதல் கட்டம்: வளிமண்டலத்தில் இயற்கையாகப் பிறக்கும் நியூட்ரினோக்களை ஆராய்வது. இரண்டாம் கட்டம்: வெகுதொலைவில் உள்ள முடுக்கியிலிருந்து பூமியைத் துளைத்துவரும் நியூட்ரினோக் கற்றையைப் பிடிப்பது.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்த இரண்டாம் கட்டம், பத்தாண்டுகள் கழித்து எங்கள் ஊர்த் தேநீர்க்கடைகளில் தமிழில் திரும்பி வந்தது. அப்போது அதன் முகம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. எப்படி மாறியது என்று புரிய, 1962க்குப் போய்வர வேண்டும்.

*

நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வகம். லெடர்மன், ஷ்வார்ட்ஸ், ஸ்டைன்பர்கர் என்ற மூவர் ஒரு விபரீத யோசனையோடு வந்தார்கள். நியூட்ரினோ தானாக வரும் என்று காத்திருப்பானேன், நாமே செய்தால் என்ன?

செய்முறை கேட்க எளிது. புரோட்டான்களை முடுக்கியில் ஓடவிட்டு வேகமேற்றுவது. அவற்றைப் பெரிலியத் துண்டின்மேல் மோதவிடுவது. மோதலில் பயான் என்ற துகள்கள் சிதறும். பயான் பறக்கும்போதே உடைந்து ஒரு மியூவானும் ஒரு நியூட்ரினோவும் ஆகும். எதிரே தடித்த இரும்புச் சுவரை நிறுத்தினால் மற்றவையெல்லாம் அதிலேயே அடங்கிவிடும்; நியூட்ரினோ மட்டும் சுவர் இருப்பதே தெரியாமல் மறுபக்கம் போகும்.

சுவர் எழுப்பப் பழைய போர்க்கப்பலின் எஃகுத் தகடுகளைக் கொண்டுவந்தார்கள். 13.5 மீட்டர் கனம், 5,000 டன். அதைத் தாண்டிப் போனவை நூறு லட்சம் கோடி அளவுக்கு. தடம் விட்டவை சில டஜன். அந்தச் சில டஜன் தடங்களிலிருந்து நியூட்ரினோவில் ஒரு வகைக்கு மேல் உண்டு என்று நிறுவினார்கள். 1988இல் மூவருக்கும் நோபல் பரிசு.

நியூட்ரினோ வானத்தின் கொடையாக மட்டும் இருந்த காலம் அன்றோடு முடிந்தது.

இங்கே ஒரு கிளைக்கதை. தவிர்க்கப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு கதைக்கும் இயந்திரம் ஒன்றே. அதே புரூக்ஹேவனில், 1970களின் நடுவில், ஆல்ஃப்ரட் மாஷ்கே என்ற முடுக்கி வல்லுநர் வேறொரு கேள்வி கேட்டார். இத்தனை ஆற்றலை ஒரு கற்றைக்குள் அடைக்க முடிகிறதே, இதைக் கொண்டு சூரியனின் அடுப்பைப் பூமியில் மூட்டினால் என்ன?

சூரியனில் நடப்பது அணுக்கரு இணைவு. ஹைட்ரஜன் கருக்கள் ஒட்டி ஹீலியமாகும்போது வெப்பமும் ஒளியும் வருகின்றன, கூடவே நியூட்ரினோவும். பூமியில் அதைச் செய்ய ஒரு வழி, மிளகளவே உள்ள எரிபொருள் உருண்டையை எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் அழுத்துவது. அழுத்தம் தாங்காமல் உருண்டை உள்ளே சுருங்கும். சிதறிப்போவதற்குள், தன் நிலைமத்தால் அது தாக்குப்பிடிக்கும் நொடியின் நூறுகோடியில் ஒரு பங்குக்குள், கருக்கள் இணைந்துவிட வேண்டும். நிலைம இணைவு என்ற பெயர் அதனால் வந்தது. அந்த அழுத்தத்தை லேசரால் கொடுக்கலாம் என்றார்கள் பலர். மாஷ்கே கன அயனிகளால் கொடுக்கலாம் என்றார்: ஈயம், பிஸ்மத், யுரேனியம் போன்ற கனத்த அணுக்களை மின்னூட்டி, முடுக்கியில் ஓட்டி, உருண்டையின்மேல் குவிப்பது.

1976இல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி ஆய்வகத்தார் ஒரு கோடைக் கூட்டம் போட்டு இதை அலசினார்கள். கணக்கு நம்பிக்கை தந்தது. லேசர் விழுங்கும் மின்சாரத்தில் கற்றையாக வெளியே வருவது நூற்றில் ஒரு பங்குதான். முடுக்கி இருபது முப்பது பங்கு தரும். லேசர் ஒருமுறை சுட்டுவிட்டு ஆற வேண்டும்; முடுக்கி நொடிக்குப் பலமுறை சுடும், ஆண்டுக்கணக்கில் ஓடும். லேசரைக் குவிக்கும் கண்ணாடி வெடிப்பின் எதிரே நின்று அடிபடும். அயனியைக் குவிப்பது காந்தப்புலம், அதில் எது விரிசல் விடும்? தடை வேறோர் இடத்தில் இருந்தது. ஒரே மின்னூட்டம் உள்ள அயனிகள் ஒன்றையொன்று தள்ளும். கூட்டத்தை நெருக்க நெருக்க அது சிதறப் பார்க்கும். அத்தனையையும் சில மில்லிமீட்டருக்குள் குவிக்கும் இயந்திரத்தின் விலை எந்த அரசையும் யோசிக்க வைத்தது. எனவே முதலில் வென்றது லேசர்: 2022 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் 192 லேசர் கற்றைகள் 2.05 மெகாஜூல் கொடுத்து 3.15 மெகாஜூல் பெற்றன. ஆனால் அந்த லேசர்களை இயக்கவே 300 மெகாஜூல் அளவுக்கு மின்சாரம் செலவானது. மின்நிலையம் என்று வரும்போது மாஷ்கேயின் வாதம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

நம் மாநிலத்திலும் அயனிக் கற்றை உண்டு, சிறிய அளவில். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 17 லட்சம் வோல்ட் முடுக்கி ஒன்று இருக்கிறது. உலைக்குள் பல ஆண்டுகள் இருந்தால் உலோகத்துக்கு என்ன கேடு வரும் என்பதை, அயனிகளால் அடித்துச் சில மணி நேரத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். இணைவு உலை என்று ஒன்று வந்தாலும் அதன் சுவருக்கு இந்தச் சோதனை தேவைப்படும்.

கிளைக்கதை போதும். கற்றைக்குத் திரும்புவோம்.

*

1998இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவ் கீர், 1962இன் யோசனையை ஒரு படி மேலே கொண்டுபோனார். பயான் உடைந்து பிறக்கும் மியூவானை இரும்பில் வீணடிப்பானேன்? அதைப் பிடித்து, வேகமேற்றி, ஒரு வளையத்துக்குள் சுழலவிட்டால், சுழன்றபடியே உடைந்து சுத்தமான நியூட்ரினோக் கற்றையைத் தரும். இதற்கு நியூட்ரினோ தொழிற்சாலை என்று பெயர் வைத்தார்கள்.

என்னைக் கேட்டால் எல்லாத் தொல்லைக்கும் வித்து அந்தப் பெயர்தான். தொழிற்சாலை என்றதும் நம் கண்முன் வருவது புகைபோக்கியும் கழிவுநீர் வாய்க்காலும்.

அதற்கு 4 மெகாவாட் புரோட்டான் கற்றை வேண்டும். அந்தச் சூட்டில் எந்தத் திட உலோகமும் நாளடைவில் நொறுங்கும் என்று, பாதரசத் தாரையைப் பீய்ச்சி அதன்மேல் மோதவிடுவதை 2007இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். வேலை செய்தது. அடுத்த கேள்வி: கற்றையை எங்கே அனுப்புவது?

மியூவான் உடையும்போது நியூட்ரினோவும் எதிர் நியூட்ரினோவும் கலந்தே பிறக்கும். போய்ச்சேரும் இடத்தில் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். பிரித்தறியக் காந்தம் வேண்டும். பிரமாண்டமான காந்த இரும்பை எந்த நாடு கட்டப்போகிறது? இந்தியா.

இன்னொரு பொருத்தமும் இருந்தது. 7,000 முதல் 7,500 கிலோமீட்டர் வரையிலான ஒரு தூரத்தை இயற்பியலாளர்கள் மாயத் தூரம் என்றே அழைத்தார்கள். நியூட்ரினோக் கணக்கைக் குழப்பும் ஒரு காரணி அந்தத் தூரத்தில் தானாக ஒதுங்கிக்கொள்ளும். உலகப்படத்தை விரித்து செர்னிலிருந்து கோடு போட்டால், மாயத் தூரத்தின் ஓரத்தில் தென்னிந்தியா வருகிறது.

அந்தக் கோடு வானத்தின் வழியாக வராது. பூமி உருண்டை, நேர்கோடு அதன் உள்ளே போகும். ஜெனீவாவில் வளையத்தையே சாய்த்து மண்ணுக்குள் புதைக்க வேண்டும். 7,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கற்றை நடுவழியில் ஏறக்குறைய 1,050 கிலோமீட்டர் ஆழத்தில் போகும். நம் மலைக்கு வரும்போது காலடியிலிருந்து 33 டிகிரி சாய்வில் மேலேறி, வானத்துக்குள் போய்விடும். இத்தனை தூரம் வந்தபின் அது பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். சின்னமனூரும் தேவாரமும் பண்ணைப்புரமும் அதற்குள் அடங்கலாம்.

இதைத்தான் கடையில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். திராட்சைத் தோட்டக்காரர். தினத்தாளை மடித்து வைத்துவிட்டு, "தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தக் கதிரு நம்மளத் தாண்டிப் போயிருமா, இல்ல நம்ம மேலயே தங்கிருமா?" என்றார்.

இத்தனை ஆண்டுகளில் இந்த விவகாரத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அதுதான். முழு இயற்பியலும் அதற்குள் இருக்கிறது. அவருக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஐயா, உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. பகலில் மேலிருந்து, இரவில் பூமியைத் துளைத்துக் காலடியிலிருந்து. தொழிற்சாலைக் கற்றை அத்தனை தூரம் வந்தபின், அதே நகத்தின் அளவுக்கு நொடிக்கு ஓரிரண்டு என்ற கணக்கில்தான் சேரும். ஒவ்வொன்றும் சூரியனுடையதைவிட ஆற்றல் மிக்கதுதான். அதை மறைக்கக் கூடாது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு மனித உடலில் ஆண்டுக்கு ஒன்றுகூட மோதாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று சொல்கிறேன். காஸ்மிக் கதிரிலிருந்து வரும் மியூவான், விரித்த உள்ளங்கையின் வழியாக நொடிக்கு ஒன்று என்ற அளவில் போகிறது. பிறந்த நாளிலிருந்து போகிறது. அது நம்மை நிஜமாகவே தொட்டுச் செல்லும் துகள். தாண்டிப் போகுமா தங்குமா என்றால், தாண்டித்தான் போகும் ஐயா.

போகும் என்றா சொன்னேன்? போயிருக்கும் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தக் கற்றை வரவே இல்லை. அது வராது என்று தெரிந்த நாள்கூட நமக்குத் தெரியும்.

*

2012 மார்ச் 8. ஹாங்காங் அருகே தாயா வளைகுடா. அங்குள்ள அணுமின் உலைகளிலிருந்து வரும் எதிர் நியூட்ரினோக்களை, இரண்டு கிலோமீட்டருக்குள் வைத்த கருவிகளால் எண்ணிக்கொண்டிருந்த குழு அன்று முடிவை வெளியிட்டது.

நியூட்ரினோ மூன்று வகை. ஓடும்போதே ஒன்று இன்னொன்றாக மாறிக்கொள்ளும். எவ்வளவு மாறும் என்பதைச் சொல்ல மூன்று கோணங்கள் உண்டு. இரண்டு தெரிந்திருந்தது. மூன்றாவது மிகமிகச் சிறியதாக இருக்கலாம் என்று அஞ்சினார்கள். அப்படி இருந்தால் அதை அளக்கத் தொழிற்சாலை வேண்டும், மாயத் தூரம் வேண்டும், காந்த இரும்பு வேண்டும். தாயா வளைகுடா அளந்து சொன்னது: கோணம் சிறியதல்ல, தாராளமாகவே இருக்கிறது.

அந்த ஒரு அளவோடு 7,000 கிலோமீட்டர் கற்றையின் தேவை போய்விட்டது. சாதாரணக் கற்றையே போதும் என்றானது. தொழிற்சாலைத் திட்டக்காரர்களும் தூரத்தை 2,000 கிலோமீட்டர் அளவுக்கு இறக்கிக்கொண்டார்கள். இன்றுவரை உலகில் ஒரு நியூட்ரினோ தொழிற்சாலைகூடக் கட்டப்படவில்லை.

அம்பரப்பர் மலைக்கோ அதே செய்தி நல்ல செய்தி. கோணம் பெரிதாக இருந்ததால், கற்றை ஏதுமின்றி வானத்திலிருந்து வரும் நியூட்ரினோவை வைத்தே மூன்று வகைகளின் நிறை வரிசையைக் கண்டறியும் வாய்ப்பு கூடியது. முதல் கட்டம் வலுப்பெற்றது, இரண்டாம் கட்டம் உதிர்ந்தது.

இதைத் தமிழில், பொட்டிப்புரத்தில், மந்தையில் நின்று, அன்றே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

விஞ்ஞானிகள் ஒன்றுமே சொல்லவில்லை என்று நான் எழுத மாட்டேன். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தார் தமிழில் விளக்கங்கள் எழுதினார்கள், பள்ளிகளுக்கு வந்து பேசினார்கள். ஆனால் "அறிக்கையில் இப்படி ஒன்று இருந்தது, அதைக் கைவிட்டோம், காரணம் இது" என்று கற்றையின் பெயரைச் சொல்லி, ஊர் கேட்பதற்கு முன்பே முந்திக்கொண்டு சொன்னவர் யாரையும் நான் சந்திக்கவில்லை. கேட்டபின் சொன்ன பதிலை ஊர் சமாளிப்பு என்று எடுத்துக்கொண்டது.

காரணம், அது 2012. முந்தைய ஆண்டு மார்ச்சில்தான் ஃபுக்குஷிமா. கூடங்குளத்தில் கடற்கரை முழுக்கப் போராட்டம். முல்லைப்பெரியாறு அணை உடையும் என்று கேரளத்தில் பேச்சு. 2011 டிசம்பரில் கம்பம், கூடலூர் பக்கமிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தார்கள். அந்தச் சூட்டில் ஒரு மலையடிவாரத்துக்கு அணுசக்தித் துறையின் பெயரோடு ஒரு திட்டம் வருகிறது. பணம் தருவது அந்தத் துறை என்பதைத் தவிர அணு உலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெயர்ப்பலகைக்கு அந்த விவரம் தெரியாது.

கேரளத்தின் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் 2012இல் எதிர்ப்புக் குரல் எழுப்பினார். இடுக்கி, முல்லைப்பெரியாறு அணைகளுக்கு ஆபத்து என்றார். ஆய்வாளர் வி.டி. பத்மநாபன் அறிக்கைகளைத் தோண்டி எடுத்து, வெளிநாட்டு முடுக்கியின் கற்றையைப் பற்றிக் கேள்வி கேட்டார். கேட்டது இல்லாத ஒன்றைப் பற்றி அல்ல. எழுதிவைத்த ஒன்றைப் பற்றி. அதே ஆண்டு ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலையை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மார்ச்சில் கற்றை செத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கற்றை பற்றிய பயம் பிறந்துவிட்டது.

பயந்தவர்களை அறியாதவர்கள் என்று எழுதியவர்களை நான் ஏற்கவில்லை. சுரங்கம் என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. 1895இல் பென்னிகுவிக் முடித்த அணைத் தண்ணீர், மலையைக் குடைந்த 5,700 அடிக்கு மேற்பட்ட ஒரு சுரங்கத்தின் வழியாகத்தான் எங்கள் வயலுக்கு வருகிறது. நீளத்தில் அம்பரப்பர் சுரங்கத்துக்கு ஏறக்குறைய இணை. அந்த மனிதரின் படத்தை வீட்டில் மாட்டியிருக்கிறவர்கள் நாங்கள். பென்னிகுவிக்கின் சுரங்கம் எதற்கு என்பதைத் தண்ணீர் வந்து சொன்னது. இந்தச் சுரங்கம் எதற்கு என்பதை மனிதர்கள்தான் வந்து சொல்லியிருக்க வேண்டும். பல லட்சம் டன் பாறையை வெடிவைத்து எடுக்கும்போது கிணற்று ஊற்று என்னவாகும், ஆடு எங்கே மேயும், லாரிகள் எந்தச் சாலையில் போகும் என்ற கேள்விகளுக்கு மியூவான் பதிலாகாது.

*

2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மதுரை வடபழஞ்சியில் இதற்கான ஆராய்ச்சி மையத்துக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. இனி வெடிவைக்க வேண்டியதுதான் பாக்கி என்று தோன்றிய மாதங்கள்.

2015 மார்ச் 26. வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வரும்வரை மலையில் வேலை நடக்கக் கூடாது. ஜூன் மாதம் அப்துல் கலாம், ஸ்ரீஜன் பால் சிங்கோடு சேர்ந்து ஆய்வகத்துக்கு ஆதரவாக நீண்ட கட்டுரை எழுதினார். நியூட்ரினோவால் யாருக்கும் தீங்கில்லை என்று விளக்கினார். அடுத்த மாதம் 27ஆம் தேதி அவர் மறைந்தார்.

கட்டுரைகளும் பொதுக்கூட்டங்களும் கற்றையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன. ஆனால் ஒரு வழக்கு கற்றையைத் தொடாமலே நடந்தது. பூவுலகின் நண்பர்கள் என்ற சூழல் அமைப்பு பசுமைத் தீர்ப்பாயத்துக்கு எடுத்துச்சென்ற அந்த வழக்கில், கேள்வி துகளைப் பற்றியது அல்ல, தூரத்தைப் பற்றியது. கேரள எல்லைக்கு அப்பால் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் ஒரு திட்டம் வந்தால், அது வேறு வகையில் சேரும். அனுமதி வாங்கும் பாதையே மாறிவிடும்.

மலைக்கும் பூங்காவுக்கும் இடையே அளந்தார்கள். எண் வந்தது: 4.9.

(தொடரும்)